புகார்கள் போன வழி

அந்த மார்கழியில் என் பாதங்கள் இரண்டும் தேயிலைச் சாய நிறத்தில் இருந்தன. இறால் குஞ்சுப் பண்ணைக்குள் நுழைகிற எவரும் வாசல் பள்ளத்தில் நிற்கும் பர்மாங்கனேட் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். வெளிக் கிருமி தொட்டிக்கு வரக் கூடாது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை நனைத்தால் அந்த ஊதாத் தண்ணீர் தோலில் பழுப்பாக ஊறிவிடும். செங்கல்பட்டு திரும்பும் பஸ்ஸில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் என் காலையே பார்த்துக்கொண்டு வருவார். "மருதாணியா?" என்று ஒருவர் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கேட்டே விட்டார்.

பண்ணை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே. பன்னிரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் எண்ண முடியாத அளவுக்குக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் இமை மயிரளவு. டார்ச் அடித்தால் அத்தனையும் வெளிச்சத்தை நோக்கித் துள்ளும். தண்ணீர் இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் தீனி எடுக்காது; இன்னும் இறங்கினால் குஞ்சுகள் செத்துத் தொட்டியே வெளுத்துப்போகும். மார்கழிக் காற்று கடலிலிருந்து வரும்போது பன்னிரண்டு ஹீட்டர்களும் மூச்சுப் பிடித்து வேலை செய்யும். அவை செய்கின்றனவா என்று பார்க்க ஒரு மனிதர் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த மனிதர் ஒரு மேடம். விலங்கியல் படித்தவர், மதுராந்தகத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். கையில் தெர்மாமீட்டரும் காதில் பென்சிலுமாக மூன்று வாரமாகப் பண்ணையை விட்டு நகராமல் இருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஊரில் அவருடைய தங்கைக்கு நிக்காஹ். போக வேண்டும். போனால் காலையில் போய் இரவு திரும்ப வேண்டும். மூன்று பஸ் மாறி அரை நாளில் போய் வருகிற தூரம் இல்லை. முதலாளி நெல்லூரில் இருந்தார். போனில் ஒரே நிபந்தனைதான் சொன்னார்: தொட்டி குளிர்ந்தால் கம்ப்யூட்டர் தானாகக் கூப்பிட வேண்டும், அதை மூன்று நாள் நடத்திக் காட்டினால் போகலாம், இல்லாவிட்டால் தங்கைக்கு வாழ்த்துத் தந்தி.

அந்தக் கம்ப்யூட்டரைப் பேச வைக்கிற ஆள் நான்.

செங்கல்பட்டில் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த பயிற்சி மையத்தில் அப்போது வேலை. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றிய ஒரு மெஷின் அங்கே என் பொறுப்பில் இருந்தது. பண்ணையில் இருந்ததோ வேறு சாதி: மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் ஏலத்தில் முதலாளி எடுத்த பழைய யூனிக்ஸ் மெஷின். நான் செங்கல்பட்டில் எழுதுவேன், ஃபிளாப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைப்பேன், பஸ் ஏறுவேன். கோயில் குன்றுக்குக் கீழே கூட்டம் ஏறும், மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் ஜன்னல் வழியாக நுழையும், பிறகு கடல் வலது பக்கமா இடது பக்கமா என்று பார்ப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

வேலை சின்ன வேலைதான். தொட்டிகளுக்குள் தொங்குகிற உணர்கருவிகளைப் படித்துச் சொல்ல ஒரு நிரல் ஏற்கெனவே இருந்தது. அதற்கு padi என்று நான்தான் பெயர் மாற்றியிருந்தேன். யூனிக்ஸில் ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு வாய். ஒன்றாவது வாயால் கேட்ட பதிலைச் சொல்லும்: தொட்டி ஒன்று, இருபத்தொன்பது, தொட்டி இரண்டு, இருபத்தொன்பதரை. இரண்டாவது வாயால் புகார் மட்டும் சொல்லும்: தொட்டி நான்கு, குளிர், குறை. இரண்டு வாயும் பேசுவது pathivu என்ற ஒரே கோப்பில் விழ வேண்டும். பிறகு அந்தக் கோப்பில் குறை என்ற சொல் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் மேடம் அறையிலுள்ள டெர்மினல், அதாவது மெஷினோடு இணைந்த திரை, பீப் அடிக்கும், இல்லாவிட்டால் ஆல் ஓகே என்று ஒரு வரி காட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யும்படி மெஷினுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு வாயையும் ஒரே கோப்புக்குத் திருப்ப எழுத வேண்டிய வரி:

padi > pathivu 2>&1

இப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன். ஆனால் அந்த வரியைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்தக் காலத்தில் நான் சிறுபத்திரிகைகளுக்கு எட்டு வரிக் கவிதைகள் அனுப்பிக்கொண்டிருந்த ஆசாமி. எந்த வாக்கியத்தைக் கண்டாலும் கத்தரியோடு போவேன். 2>&1 என்ற வால், நல்ல வேட்டியின் ஓரத்தில் தொங்குகிற நூலைப் போல உறுத்தியது. லினக்ஸில் அதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, வாலை வெட்டினேன்:

padi &> pathivu

ஆஹா. ஒட்டிக்கொண்ட இரண்டு குறிகள், இரண்டு வாயும் அடக்கம். செங்கல்பட்டில் போலி padi ஒன்றை வைத்து ஓட்டிப் பார்த்தேன், தங்கமாக ஓடியது. ஃபிளாப்பி, சட்டைப் பை, பஸ்.

புதன்கிழமை காலையில் பண்ணையில் ஏற்றினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆல் ஓகே. மத்தியானம் ஆல் ஓகே. வியாழன் காலையில் நான் மறுபடி வந்து காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனபோதும் ஆல் ஓகே. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மேடத்துக்கு மட்டும் முகம் சரியில்லை.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நேத்துலேர்ந்து உங்க மெஷின் ஒரு தொட்டியப் பத்திகூட ஒரு குறை சொல்லலையே?"

"நல்லதுதானே மேடம்."

"நல்லதா? இந்தப் பன்னெண்டு தொட்டியும் சேந்தாப்புல ஒழுங்கா இருந்த ஒரு மணி நேரத்தை நான் பாத்ததே இல்ல. விடியக்காலை ஒம்போதாவது தொட்டி இருபத்தேழு. என் கையால தெர்மாமீட்டர் போட்டுப் பாத்தேன். உங்காளு ஆல் ஓகேங்கிறான்."

"தெர்மாமீட்டர் சரியா இருக்கான்னு..."

"வாங்க என்கூட."

குஞ்சுகளைப் பாக்கெட் போடும் கொட்டகையில், பெட்டிகளுக்கு நடுவே வைத்து அனுப்புவதற்காக உடைத்த ஐஸ் எப்போதும் இருக்கும். அவர் நான்காவது தொட்டியின் உணர்கருவியை ஒயரோடு வெளியே இழுத்து, ஒரு பக்கெட் ஐஸ் கொண்டுவரச் சொல்லி, அதற்குள் குத்தி நிறுத்தினார். பிறகு அறைக்கு வந்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கெட்டைத் தூக்கிவந்த பம்ப் ஆபரேட்டர் அண்ணாத்தயும் வாசலில் சாய்ந்து நின்றார். மூன்று பேரும் டெர்மினலைப் பார்த்தோம். பத்து நிமிஷம் ஆனது.

ஆல் ஓகே.

"ஐஸ்ல கீது," என்றார் அண்ணாத்த. "இன்னாபா கம்ப்யூட்டரு, செத்தவன் கையில வெத்தல பாக்கு குட்த்த மாரி நல்லாகீதுன்னு சொல்லுது?"

மேடம் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் போகலாமா வேணாமான்னு மட்டும் சொல்லிடுங்க சார். போகலைன்னா இன்னிக்கே போன் பண்ணிடறேன். எனக்காக அவ மேடையில ஒரு நாற்காலி போட்டு வெச்சிக்கினு இருக்கக் கூடாது."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. இல்லை. 

உட்கார்ந்தேன். pathivu கோப்பைத் திறந்தேன். காலி. ஒரு எழுத்து இல்லை. குறையும் இல்லை, நிறையும் இல்லை; தொட்டிகளின் அளவுகூட இல்லை. காலியான கோப்பில் குறை என்ற சொல்லைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கிடைக்கவில்லையென்றால் ஆல் ஓகே. வாயே திறக்காதவனை நோயே இல்லாதவன் என்று எழுதிக்கொண்டிருந்தது என் கட்டளைகளின் தொகுப்பான அந்த ஸ்கிரிப்ட்.

அப்படியானால் padi பேசியதெல்லாம் எங்கே போனது? நிர்வாகிக் கணக்கில் நுழைந்தேன். நுழைந்ததும் மெஷின் ஒரு வரி சொன்னது: உங்களுக்கு மடல் வந்திருக்கிறது. யார் எனக்கு இங்கே மடல் போடப்போகிறார்கள்? திறந்தால், ஐயோ, நூற்றைம்பதுக்கும் மேலே. நேரம் வைத்துச் செய்யும் வேலையில் எந்த வாயிலிருந்து எது சிந்தினாலும் அதைப் பொறுக்கி நிர்வாகிக்கு மடலாக அனுப்பிவிடுவது யூனிக்ஸின் பழக்கம். பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக, புதன் காலையிலிருந்து padi ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறது. தொட்டி ஒன்பது, இருபத்தேழு, குறை. தொட்டி இரண்டு, கருவி பதில் சொல்லவில்லை, குறை. கடைசி மடலில்: தொட்டி நான்கு, ஒன்று புள்ளி இரண்டு, குறை.

"தபால் ஆபீசு வெச்சிகினு கீறியா நீ?" என்றார் அண்ணாத்த.

மேடம் எட்டிப் பார்த்தார். ஒன்பதாவது தொட்டியின் இருபத்தேழைக் கண்டதும் விரலால் திரையைத் தட்டினார். "இதோ. நான் சொன்னேன் பாருங்க." அந்தத் தட்டலில் இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு சந்தோஷம் இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. வெட்டிய வால்தான். செங்கல்பட்டு மெஷினில் கட்டளைகளை வாசித்துச் செய்கிற ஷெல் புதுசு; &> என்ற இரண்டு குறியையும் சேர்த்து ஒரே கட்டளையாக வாசித்தது. பண்ணை மெஷினின் பழைய ஷெல்லுக்கு அப்படி ஒரு சொல்லே தெரியாது. அது ஒவ்வொன்றாக வாசித்தது. & என்றால்: இந்த வேலையைப் பின்னால் ஓட விட்டுவிட்டு நீ அடுத்ததைப் பார். சரி, விட்டது. > pathivu என்றால்: pathivu என்ற கோப்பைத் திறந்து சுத்தமாகத் துடைத்து வை. சரி, துடைத்து வைத்தது. சொன்னதைத்தான் செய்தது. தப்பு என்று ஒரு வார்த்தை முனகக்கூட அதற்குக் காரணமில்லை. பின்னால் ஓடிய padi கேட்பாரில்லாமல் இரண்டு வாயாலும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதே ஸ்கிரிப்ட் அடுத்ததாகத் தண்ணீரின் உப்பை அளக்கும் மீட்டரை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்ததால், padi பேசி முடிக்க அவகாசமும் இருந்தது. எல்லாம் மடலில்.

அவசரத்தில் மாற்றினேன். பழைய வரியை நினைவிலிருந்து அடித்தேன்:

padi 2>&1 > pathivu

கையாலேயே ஓட்டினேன். திரையில் முதல் வரி: தொட்டி நான்கு, குளிர், குறை. அதற்கு நேர் கீழே அடுத்த வரி: ஆல் ஓகே.

அண்ணாத்த வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்போ ரெண்டும் சொல்லுது! கட்சிக்காரன் மாரி!"

கோப்பில் பார்த்தால் அளவுகள் இருந்தன, புகார் மட்டும் இல்லை. வரிசை மாறிப்போயிருந்தது. ஏன் மாறக் கூடாது என்று மேடத்துக்குச் சொல்ல ஆரம்பித்தேன். குழாய்க்காரராச்சே என்று அண்ணாத்தயையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு பைப் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டாவது பைப்பை முதல் பைப்போடு சேர்க்கிறேன். பிறகு முதல் பைப்பைத் தொட்டிக்குத் திருப்புகிறேன்.

"அப்போ ரெண்டும் தொட்டிக்குத்தான் போவும்," என்றார் அண்ணாத்த.

"இங்கே போகாது."

"ஏன் போவாது? ஜாயிண்ட் போட்டுட்டல்ல? ஒண்ணு திரும்பனா இன்னொண்ணும் கூடவேதான் திரும்பும். முப்பது வருசமா பைப்பு பாக்கறேன், எனக்கே கத சொல்றியா?"

அவர் சொன்னது நியாயம். பைப் உதாரணம் என் காலை வாரிவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன். 2>&1 ஜாயிண்ட் இல்லை; இரண்டாவது வாய் முதல் வாயிடம் ஒரே ஒரு தடவை கேட்கிறது: நீ இப்போது எங்கே போகிறாய்? அந்த நொடியில் முதல் வாய் திரைக்குப் போய்க்கொண்டிருந்தால் இதுவும் திரைக்கே கிளம்பிவிடும். அதன் பிறகு முதல் வாய் மனசு மாறிக் கோப்புக்குத் திரும்பினாலும் இதற்குத் தெரியாது.

அண்ணாத்த யோசித்தார். பீடியைப் பற்றவைக்கப் போய், பண்ணைக்குள் கூடாது என்று நினைவு வந்து, காதில் சொருகிக்கொண்டார்.

"அது பைப்பு இல்ல நைனா. கூட்டத்துல முன்னால போறவன் எந்த பஸ்ல ஏறுறான்னு ஒரு தபா பாத்துட்டு, அதே பஸ்ல ஏறிக் குந்திக்கிறவன். அவன் எறங்கி வேற பஸ் மாறிட்டான். இவன் போய்கினே கீறான்."

இருபத்தைந்து வருஷமாக இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதைவிடச் சுருக்கமாக எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. பிற்பாடு கூடுவாஞ்சேரியில் வீடு எடுத்துக்கொண்டு, தினம் மின்சார ரயிலில் தொங்கிப் போய் இரண்டாயிரங்களில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தேன்; ஐந்து விதமான யூனிக்ஸ் மெஷின்கள் ஒரே அறையில் உறுமிக்கொண்டிருந்த ஆபீஸ் அது. சின்னப் பிள்ளைகள் என் ஸ்கிரிப்ட்டைப் பார்த்துவிட்டு, "சார், இன்னும் இந்த நீட்டு வாலை எழுதறீங்களே" என்பார்கள். எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு வருஷம் புதிய லினக்ஸ் ஒன்று தன் உள்ளே இருந்த ஷெல்லைச் சின்னதாக, சிக்கனமானதாக மாற்றிக்கொண்டது. ஆபீஸில் பாதிப் பேருடைய பதிவுக் கோப்புகள் ஒரே நாளில் காலியாகின. அன்று டீக்கடையில் ஒரு மசால்வடை கூடுதலாகச் சாப்பிட்டேன். என் வரிகள் எல்லா மெஷினிலும் ஒரே பொருளில் வாசிக்கப்பட்டன. ஒரு வரிக்கு அதைவிடப் பெரிய அழகு வேண்டுமா என்று இப்போது தோன்றுகிறது. இருபத்தாறு வயதில் தோன்றியிருக்கவில்லை.

வியாழன் மத்தியானத்துக்குத் திரும்புகிறேன். வரிசையைச் சரியாக்கினேன்: முதலில் > pathivu, பிறகு 2>&1. முதல் ஆள் சரியான பஸ்ஸில் ஏறிவிட்டான். இப்போது இரண்டாவது ஆள் பார்க்கட்டும். ஓட்டினேன். டெர்மினல் பீப் என்று கத்தியது.

மேடம் எழுந்தார். ஐஸ் பக்கெட்டைத் தானே தூக்கிக்கொண்டு ஒன்றாவது தொட்டிக்குப் போனார். பன்னிரண்டு கருவிகளையும் ஒவ்வொன்றாக ஐஸில் வைத்தார். நான் அறைக்குள்ளிருந்து ஓட்டுவேன், பீப் அடிக்கும், ஜன்னல் வழியாக "அடிச்சது" என்று கத்துவேன், அவர் அடுத்ததற்கு நகர்வார். அண்ணாத்த விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றாவது தொட்டியில் பீப் அடிக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் அவர் கருவியை ஐஸில் வைக்காமல், என்ன சொல்கிறேன் என்று சும்மா நின்று பார்த்திருக்கிறார்.

"அடிச்சதுன்னு பழக்கத்துல சொல்லுவீங்களோன்னு பாத்தேன் சார்," என்றார். சிரித்துவிட்டார்.

பிறகு நெல்லூருக்குப் போன் போட்டார். புதன்கிழமையைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் முதலாளிக்குத் தெரியப்போவதில்லை. மேடமோ, "நேத்து எண்ணினது செல்லாதுங்க, மெஷின் ஊமையா இருந்திருக்கு. இன்னிலேர்ந்து எண்ணுங்க" என்றார். வியாழன், வெள்ளி, சனி. சரியாக மூன்று. அந்த மூன்று நாளில் டெர்மினல் எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு தொட்டியைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. "இப்பதான் என் தொட்டி மாதிரி பேசுது," என்றார். சனிக்கிழமை மாலை முதலாளி சரி சொன்னார். ஒரு கூடுதல் நிபந்தனை: மெஷினோடு அதை எழுதியவனும் ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பச்சைப் பட்டுப் புடவையில் அவர் வாசல் பர்மாங்கனேட்டில் கால் படாமல் தாண்டி வெளியே போனதை நானும் அண்ணாத்தயும் பார்த்தோம். பஸ் போய் இரண்டு மணி நேரம் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. பிறகு பீப். தொட்டி ஏழு, இருபத்தேழு புள்ளி ஒன்று, குறை.

ஓடினேன். ஏழாவது தொட்டியின் ஹீட்டர் பிளக் கீழே கிடந்தது. அது இருந்த ஓட்டையில் வேறொரு ஒயர். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் பம்ப் ஷெட், ரேடியோ, கிரிக்கெட் வர்ணனை, கண்ணை மூடிக்கொண்டு அண்ணாத்த.

"ஒரு ஓவருதான்பா கேக்கலாம்னு சொருவனேன்," என்றார். "அதுக்குள்ள ரெண்டு பேரு நல்லா அட்ச்சிகினு இருந்தானுங்கோ."

ஹீட்டரைத் திரும்பச் சொருகினோம். அவ்வளவு தண்ணீர் சட்டென்று சூடாகிவிடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பீப், பீப். இருபத்தேழு புள்ளி இரண்டு. இருபத்தேழு புள்ளி நான்கு. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மண்டபத்துக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்திலிருந்து மேடம். பின்னால் குழந்தைகளின் கூச்சல்.

"என்ன சார், நிலவரம்?"

அண்ணாத்த எனக்கெதிரே நின்று இரண்டு கையாலும் வேணாம் வேணாம் என்று ஆட்டினார்.  ஆல் ஓகே என்று சொல்ல எவ்வளவு சுலபம்.

"ஏழாவது தொட்டி மேடம். இருபத்தேழு ஒண்ணுக்குப் போயிடுச்சு. மெஷின் கூப்பிட்டுது. ஹீட்டர் பிளக் கழண்டிருந்தது, போட்டுட்டோம். இப்ப இருபத்தேழு நாலு. ஏறுது."

குழந்தைகளை அவர் ஓரமாகப் போகச் சொல்வது கேட்டது. 

"யாரு கழட்டினது?"

அண்ணாத்த என் கையிலிருந்து போனை வாங்கினார். "நான்தான் மேடம். ரேடியோவுக்கு. திட்றதுன்னா நாளிக்கி வந்து நிம்மதியா திட்டு. இன்னிக்கி வாணாம், நல்ல நாளு."

அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. பிறகு போன் என்னிடம் வந்தது.

"சார், நான் இப்ப கிளம்பி வரணுமா? உள்ளதைச் சொல்லுங்க."

"வேணாம் மேடம்."

"சரி. பந்தி போட்டுட்டாங்க, தங்கச்சி கூப்பிடறா. நான் போய் உக்கார்றேன்." வைத்துவிட்டார்.

இருபத்தேழு புள்ளி ஆறு, பீப். இருபத்தேழு எட்டு, பீப். அண்ணாத்த ரேடியோவை வேறு ஓட்டையில் சொருகிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த பத்து நிமிஷம் முடிந்தது. டெர்மினல் கத்தவில்லை; ஆல் ஓகே என்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுந்து, தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு, ஏழாவது தொட்டியைப் பார்க்கப் போனோம்.